பிள்ளப்பேறுக்குப் பொறகு வெளிக்குப் போறத அடக்கேலாம இருக்கா? பெண்கள் என்னட்டக் கேட்ட கேள்விகளும் பதில்களும்

லேபர் ரூமிலயும் பிரசவ வார்டிலயும் கனகாலம் நர்ஸா வேல செய்தவள் நான், மட்டக்களப்புப் பக்கமும் கல்முனைப் பக்கமும். வார்டில இருக்கிற நேரம் ஒருத்தரும் இந்தக் கேள்விய வாய் திறந்து கேக்க மாட்டாங்க. வீட்ட போய் ஒண்டு ரெண்டு மாசம் கழிச்சு யாரிட்டயாவது நம்பர் வாங்கி எடுப்பாங்க, இல்லாட்டி கலியாண வீட்டில ஓரமாக் கூட்டிட்டுப் போய் மெதுவாக் கேப்பாங்க. கேக்கிறது பெரும்பாலும் ஒரே விசயம்தான், அதால அவங்க கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போடுறன், ஆள் ஊர் ஒண்டும் தெரியாத மாதிரி. வெக்கத்தில வருசக்கணக்கா ஒளிச்சு வச்சிருக்கிற பெண்கள நான் நேர்ல பாத்திருக்கன், அந்தக் கவலையிலதான் இத எழுதுறன். கிளினிக்கில உங்கட்ட இதக் கேப்பாங்க எண்டு காத்திருக்காதீங்க, கேக்காமலே விட்டிருவாங்க. நீங்களாத்தான் சொல்லணும்.

மிஸ், பிள்ள கிடைச்சு மூணு கிழமையாகுது, காத்து வந்தா அடக்கவே ஏலாம இருக்கு, நாலு பேருக்குள்ள இருக்க வெக்கமா இருக்கு. இது எல்லாருக்கும் வாறதா?

எல்லாருக்கும் வாறதில்ல, ஆனா நீங்க நினைக்கிறத விடக் கனபேருக்கு வருது, ஒருத்தரும் சொல்றதில்ல எண்டதால உங்களுக்கு மட்டும்தான் எண்டு தோணுது. நோமல் டெலிவரிக்குப் பொறகு கொஞ்ச நாளைக்கு அடிப்பக்கம் முழுக்க வீங்கி நொந்து ஒரு மரத்த மாதிரித்தான் இருக்கும், அந்த நேரத்தில காத்து தன்பாட்டில போறது நிறையப் பேருக்கு ஒண்டு ரெண்டு மாசத்தில குறைஞ்சிரும்.

காத்து மட்டும் எண்டா கீழ சொல்ற பயிற்சியத் தொடங்கிட்டு ஆறு கிழமை வரை பாக்கலாம். மலம் கசிஞ்சாலோ, உடுப்பில கறை பட்டாலோ, அவசரம் வந்து கக்கூஸ் வரை போகேலாம இருந்தாலோ அந்தக் கிழமையே மிட்வைஃப் மிஸ்ட சொல்லுங்க.

உள்ளுக்கு என்னதான் நடந்திருக்கு? எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தல்ல.

ஆசனவாயச் சுத்தி வளையம் மாதிரி ரெண்டு தசை இருக்கு. உள் வளையம் நாங்க நினைக்காமலே தன்பாட்டில இறுகி இருக்கும், நித்திரையிலயும் அதுதான் காவல். வெளி வளையம் நம்மட சொல்லுக்குக் கட்டுப்படும், அவசரம் வரக்குள்ள இறுக்கிப் பிடிக்கிறமே, அது இந்த வெளித் தசைதான். இந்த ரெண்டுக்கும் மேல இடுப்புக் கிண்ணத்தின்ட அடித்தளத் தசை ஒண்டு தாங்கிப் பிடிச்சிட்டு இருக்கு. இதுகளுக்குப் போற நரம்பும் சரியா இருக்கணும், ஏனெண்டா வாறது காத்தா, தண்ணியா, கட்டியா எண்டு அறிவிக்கிறதே அந்த நரம்புகள்தான்.

பிள்ளைட தல இறங்கி வரக்குள்ள ரெண்டு விதமாச் சேதம் வரலாம். ஒண்டு தசை கிழியிறது, மற்றது நரம்பு இழுபட்டுப் பலமிழக்கிறது. தலப்பிரசவம், நாலு கிலோவுக்கு மேல பிள்ள, கனநேரம் முக்கினது, பிள்ள முகம் மேல பாத்தபடி வந்தது, ஆயுதம் (பிள்ளைட தலையப் பிடிச்சு இழுக்கிற ஃபோர்செப்ஸ்) போட்டு எடுத்தது, இதெல்லாம் கிழியிற வாய்ப்பக் கூட்டும். வெக்குவம், அதாவது தலையில கிண்ணம் ஒட்டி உறிஞ்சி இழுக்கிற கருவி, வச்சு எடுக்கிறத விட ஆயுதத்தில கூட. ஆசியப் பெண்களுக்குக் கிழியிறது கொஞ்சம் கூட எண்டு பிரிட்டன் மகப்பேற்று வைத்தியர்களிட ரோயல் கொலிஜ் 2015ல வெளியிட்ட வழிகாட்டியிலயும் இருக்கு. அதே வழிகாட்டியில அந்த நாட்டுக் கணக்கும் இருக்கு, தலப்பிரசவத்தில நூறு பேரில ஏறக்குறைய 6 பேருக்கு இந்தத் தசை வரை கிழியுதாம். முக்கத் தெரியாமத்தான் இப்படி ஆனது எண்டு யாரும் சொன்னா அத மனசில எடுக்காதீங்க, நீங்க ஒரு பிழையும் செய்யல்ல.

வீட்ட விடக்குள்ள தந்த கார்டில 3பி எண்டு எழுதி இருக்கு. அது என்ன கணக்கு?

டயக்னோசிஸ் கார்ட எடுத்துப் பாத்த உங்களப் பாராட்டணும், கனபேர் அத அலுமாரிக்குள்ள வச்சதோட சரி. கிழிஞ்ச ஆழத்த நாலு தரமாப் பிரிப்பாங்க. முதலாம் தரம் தோல் மட்டும். ரெண்டாம் தரம் அதுக்குக் கீழ இருக்கிற தசையும், வழமையா வெட்டுப் போடுறதும் இந்த அளவுதான். மூணாம் தரம் ஆசனவாய்த் தசை வரை போனது, அதுக்குள்ள 3ஏ எண்டா வெளி வளையத்தில பாதிக்குக் குறைவாக் கிழிஞ்சது, 3பி எண்டா பாதிக்கு மேல, 3சி எண்டா உள் வளையமும் சேந்து கிழிஞ்சது. நாலாம் தரம் மலக்குடலின்ட உள் சவ்வு வரைக்கும்.

மூணும் நாலும் எண்டா தியேட்டருக்குக் கொண்டு போய், முதுகில ஊசி போட்டோ மயக்கியோ வடிவாத் தைக்கணும், அன்டிபயோடிக்கும் மலம் இளகிறதுக்குப் பாணியும் தருவாங்க. அந்தப் பாணியக் குடிச்சு முடிங்க, வயித்தால போகும் எண்டு பயந்து இடையில விடாதீங்க, தைச்ச இடத்தில கட்டியா மலம் முட்டுறதுதான் ஆபத்து. சரியாத் தைச்ச பெண்கள்ல நூறுக்கு 60 தொடக்கம் 80 பேர் ஒரு வருசத்தில ஒரு கரைச்சலும் இல்லாம இருக்காங்க எண்டு மேல சொன்ன அதே வழிகாட்டி சொல்லுது. அந்தக் கார்டப் பத்திரமா வைங்க, அடுத்த பிள்ளைக்குக் கட்டாயம் தேவைப்படும்.

எனக்குச் சின்ன வெட்டுத்தான், பெரிசாக் கிழியல்ல எண்டுதானே சொன்னாங்க. பொறகு ஏன் எனக்கு?

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்டு, தோல்ல பெரிசாத் தெரியாட்டியும் நரம்பு இழுபட்டிருக்கலாம். நரம்பு மெதுவாத்தான் சுகமாகும், மாசக்கணக்கில எடுக்கும், ஆனா கனபேருக்குத் திரும்பி வரும். மற்றது, ரத்தமும் வீக்கமுமா இருக்கிற நேரத்தில தசைக் கிழிவு கண்ணுக்குத் தப்பி இருக்கலாம், இது எந்த நாட்டிலயும் நடக்கிறது. அதாலதான் தைக்க முதல் ஆசனவாய்க்குள்ளயும் விரல் விட்டுப் பாக்கணும் எண்டு சொல்றது. "சின்ன வெட்டுத்தானே" எண்டு யாரும் உங்களத் திருப்பி அனுப்பினா, வருத்தம் இருக்கு, சோதிச்சுப் பாருங்க எண்டு திரும்பவும் கேளுங்க.

எனக்கு அவசரம் வந்தா ஓடணும். என்ட தங்கச்சிக்கு அவசரமே இல்ல, அவக்குத் தெரியாமலே கறை படுது. ரெண்டும் ஒரே வருத்தமா?

நல்ல கேள்வி, டொக்டர் முதல்ல கேக்கிறதும் இதுதான். மேல சொன்ன ரெண்டு வளையத்த நினைங்க. அவசரம் வந்து பிடிச்சு வைக்கேலாட்டி பெரும்பாலும் வெளி வளையத்தில பலவீனம். தெரியாமலே கசிஞ்சா உள் வளையம், இல்லாட்டி உணர்வு குறைவு.

மூணாவது ஒண்டும் இருக்கு, அதக் கனபேர் பிழையா விளங்குறாங்க. மலம் இறுகி உள்ளுக்கு அடைச்சுப் போய்க் கிடக்கும், அதச் சுத்தித் தண்ணியா மட்டும் கசியும். பாக்கிறவங்க வயித்தோட்டம் எண்டு நினைச்சு நிப்பாட்டுற குளிசை குடுப்பாங்க, நிலைம இன்னும் மோசமாகும். நாலஞ்சு நாளா ஒழுங்காப் போகாம தண்ணி மட்டும் வருது எண்டா அதத் தனியாச் சொல்லுங்க.

மாமி தண்ணி கனக்கக் குடிக்க விடுறா இல்ல, வயிறு வச்சிரும் எண்டு. மரக்கறி பழமும் இல்ல, சரக்குக் கறியும் சோறும்தான். வெளிக்குப் போகவே பயமா இருக்கு.

மாமி உங்கட நன்மைக்குத்தான் சொல்றா, அவவோட சண்ட பிடிக்க வேணாம். சரக்கு அரைச்ச கறி, உள்ளி, சுறாப் புட்டு, முருங்கை ஒண்டும் பிழையில்ல, சாப்பிடுங்க. தண்ணியும் நாரும் இல்லாததுதான் பிரச்சின. பால் குடுக்கிற உடம்புக்குத் தண்ணி கூடத் தேவை, அது குறைஞ்சா மலம் கல்லு மாதிரி இறுகும், முக்குவீங்க, தையலும் நரம்பும் திரும்ப இழுபடும். தண்ணியால வயிறு வைக்கிறதில்ல, கர்ப்பத்தில தளந்த தசை இறுகக் காலம் எடுக்குது, அவ்வளவுதான். குளிர் ஆகாது எண்டா கொதிச்சாறின இளஞ்சூட்டுத் தண்ணி குடிங்க, அதுக்கு மாமியும் மறுக்க மாட்டா. கீரைய அதே பத்தியக் கறியோட சேத்துக் காய்ச்சலாம், சிவப்பரிசிச் சோறு, குரக்கன், பப்பாசி, வாழைப்பழம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாச் சேருங்க. மிட்வைஃப் வீட்ட வாற நாளில மாமியையும் பக்கத்தில இருத்திக் கதைக்கச் சொல்லுங்க, அவட வாயால வந்தா வேற மாதிரிப் போய்ச் சேரும்.

கக்கூஸில குந்தி இருக்கிற விதத்தையும் சொல்லணும். காலையில தேத்தண்ணியோ சாப்பாடோ எடுத்து இருபது நிமிசம் அரை மணித்தியாலத்தில குடல் தன்பாட்டில அசையும், அந்த நேரத்துக்குப் போங்க, பிள்ளைய யாரிட்டயாவது குடுத்திட்டு அவசரப்படாம. கொமட் எண்டா காலுக்குக் கீழ சின்ன முக்காலி ஒண்டு வச்சு முன்னுக்குச் சாஞ்சு இருங்க. தையல் நோகும் எண்டு பயமிருந்தா சுத்தமான பேட் ஒண்ட மடிச்சு முன்பக்கத் தையல்ல மெதுவா அழுத்திப் பிடிச்சுக்கொள்ளுங்க, இது வார்டில நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது. தையல் இப்படிப் பிரியாது. முக்குறதாலயும் புண் பழுக்கிறதாலயும்தான் கரைச்சல்.

தசைய இறுக்கிற பயிற்சி எண்டாங்க, ஒரு தாளும் தந்தாங்க, ஆனா சரியாச் செய்றனா எண்டு தெரியல்ல.

முதல்ல படுத்திட்டு முழங்கால மடிச்சு வச்சுச் செய்ங்க. காத்து வரப்போகுது, முன்னுக்கு மாமனார் இருக்கார், அடக்கியே ஆகணும் எண்டு நினைச்சுப் பின்பக்க வாசல உள்ளுக்கும் மேலுக்கும் இழுங்க. குண்டிச் சதை இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்சப் பிடிக்கக் கூடாது. சந்தேகமெண்டா கைய வயித்தில வச்சுப் பாருங்க, மேல் வயிறு தள்ளிட்டு வந்தா நீங்க முக்குறீங்க, அது எதிர்மாறான வேல.

இழுத்து ரெண்டு மூணு செக்கன் பிடிச்சு முழுசா விடுங்க, விடுறதும் பயிற்சிதான். நாள் போகப் போகப் பத்து செக்கன் வரை கூட்டுங்க. பத்துத் தரம் நீட்டிப் பிடிச்சு, பொறகு பத்துத் தரம் டக் டக் எண்டு இறுக்கி விடுங்க, இத ஒரு நாளைக்கு மூணு வேள. பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரத்தோட சேத்துக்கொண்டா மறக்காது. மூத்திரம் போகக்குள்ள இடையில நிப்பாட்டிப் பழகாதீங்க. மூணு மாசம் விடாமச் செய்தாத்தான் வித்தியாசம் விளங்கும், ரெண்டு கிழமையில கைவிட்டவங்கதான் "இதால ஒண்டும் ஆகல்ல" எண்டு சொல்றது. ஆஸ்பத்திரி பிசியோதெரபி யூனிட்டுக்கு அனுப்புற கடிதத் துண்டு கேளுங்க, சரியான தசைதான் இறுகுதா எண்டு சோதிச்சுச் சொல்லித் தருவாங்க.

அவசரம் வந்தா ஓடாதீங்க, ஓடினா வயித்துக்குள்ள அமுக்கம் கூடி இன்னும் வரும். நிண்ட இடத்தில நிண்டு, இல்லாட்டி இருந்து, பல தரம் இறுக்குங்க, அந்த அவசரம் கொஞ்சம் தணியும், தணிஞ்சதும் நடந்து போங்க.

யாரிட்டப் போய்ச் சொல்றது? ஆம்பிள டொக்டர் எண்டா நான் போக மாட்டன்.

முதல்ல உங்கட ஏரியா மிட்வைஃப். பிள்ள கிடைச்ச முதல் பத்து நாளிலயும் அதுக்குப் பொறகும் வீட்ட வருவா, பிள்ளைய நிறுத்துப் பாக்கிறதோட விடாம உங்களையும் பாக்கச் சொல்லிக் கேளுங்க. அவ எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்கு அனுப்புவா, அங்க இருந்து விஓஜி (மகப்பேற்று வைத்திய நிபுணர்) கிளினிக்குக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனையில அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும், அம்பாறைப் பெரியாஸ்பத்திரி, எது கிட்டவோ அங்க போங்க, அரச ஆஸ்பத்திரியில காசு இல்ல. பெண் டொக்டர் இருக்காங்களா எண்டு தாராளமாக் கேக்கலாம், இல்லாத நாளில நர்ஸ் ஒருத்தர் பக்கத்தில நிக்கத்தான் சோதிக்கணும், அது உங்கட உரிமை.

அங்க போய் "அடிப்பக்கம் ஒரு மாதிரி இருக்கு" எண்டு சொன்னா தையல் நோ எண்டு எழுதி பனடோல் தந்து விடுவாங்க. இப்படிச் சொல்லுங்க: "பிள்ள கிடைச்ச நாளில இருந்து மலத்த அடக்கேலா, கிழமையில மூணு தரம் உடுப்பில படுது, தண்ணியா இருந்தா கூட." ரெண்டு கிழமைக்கு எப்ப, எவ்வளவு, என்ன சாப்பிட்டது எண்டு ஒரு கொப்பியில குறிச்சுக் கொண்டு போனா இன்னும் நல்லம். வாயால வராட்டி அந்தக் கொப்பியவே நீட்டுங்க.

காத்து முன்பக்கத்தால வாற மாதிரி இருக்கு மிஸ். எனக்கு விசர் பிடிச்சிட்டா?

இல்ல தங்கச்சி, உங்களுக்கு விளங்கினது சரியா இருக்கலாம். யோனியில காத்து அடைபட்டுச் சத்தம் வாறது பிள்ள பெத்தவங்களுக்கு வழமை, அது மணக்காது. ஆனா மலக்காத்து மணத்தோட வந்தா, மலமோ மஞ்சள் கசிவோ முன்பக்கத்தால வந்தா, மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையில ஓட்டை விழுந்திருக்கலாம். பயிற்சியால மாறுற விசயமில்ல இது, பொறுத்திருக்காம அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீக்கமும் கிருமியும் அடங்கும் வரை சில மாசம் காத்திருந்துதான் ஒப்பரேசன் செய்வாங்க, ஆனா அது வரை எப்படிக் கவனிக்கணும் எண்டு அவங்கதான் சொல்லணும்.

அதே மாதிரி காய்ச்சல், சீழ், தையல் விட்டுப் போறது எண்டா அண்டைக்கே போகணும். திடீரெண்டு தொடை இடுக்கு மரத்து, மூத்திரம் போகேலாம, கால் பலமில்லாமப் போனா 1990க்கு அடிச்சு அம்புலன்ஸக் கூப்பிடுங்க, அது முள்ளந்தண்டு நரம்பு சம்பந்தப்பட்டது.

வயித்தோட்டத்துக்குக் குடிக்கிற குளிசையக் குடிச்சிட்டு வெளிய போகலாமா? நான் பால் குடுக்கிறன்.

லோபரமைட் எண்ட குளிசை மலத்த இறுக்கும், உள் வளையத்தையும் கொஞ்சம் இறுக்கும், அதால டொக்டர்மாரே சிலருக்கு அளவு பாத்துக் குடுக்கிறாங்க. தாய்ப்பாலுக்குப் போற அளவு மிகக் குறைவு. ஆனா பாமசியில நீங்களா வாங்காதீங்க, மேல சொன்ன அடைப்புக் கசிவுக்கு இதக் குடிச்சா கூடாது, ரத்தமோ காய்ச்சலோ இருந்தாலும் கூடாது. மலம் எப்பவும் இளகலா இருக்கிறவங்களுக்கு இசப்கோல் உமி தண்ணியில கலந்து குடிச்சா சேந்து வரும், தேத்தண்ணி கோப்பி உறைப்பக் குறைச்சும் பாருங்க.

திருக்கோவில்ல இருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில போக வேண்டி வந்தா என்ன செய்றது? வைகாசிச் சடங்குக்கு அம்மன் கோயிலுக்கும் போகல்ல இந்த முறை.

போங்க, வீட்டுக்குள்ள அடைபடாதீங்க. போற நாளில நேரத்தோட எழும்பி, சாப்பிட்டு, வெளிக்குப் போயிட்டு, அதுக்குப் பொறகு பஸ் ஏறுங்க. பேக்கில ஒரு உள்ளுடுப்பு, பேட், சின்னத் துணி, தண்ணிப் போத்தல், கட்டிப் போட ஒரு பை. இறங்கிற இடத்தில கக்கூஸ் எங்க எண்டு முதலே கேட்டு வைங்க. தண்ணியால கழுவி ஒத்தித் துடைங்க, உரசாதீங்க, சவக்காரமும் கிருமிநாசினியும் வேணாம், பிள்ளைக்குப் பூசுற சிங்க் கிறீம் உங்களுக்கும் ஆகும். சாமிக்கு முன்னுக்கு நிக்க உங்களுக்கு ஒரு குறையும் இல்ல.

ராத்தா, உளூ (தொழ முதல் கை கால் முகம் கழுவிச் சுத்தமாகிறது) எடுத்து முடிக்கமுதல் காத்துப் போகுது. தொழுகை என்னாகும்?

அக்கரைப்பற்று, சாய்ந்தமருதுப் பக்கம் இதத்தான் கூடுதலாக் கேட்டிருக்காங்க, சிலர் அழுது கொண்டே. நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ற ஆளில்ல. ஆனா அடக்கேலாம தொடந்து வெளியாகிற வருத்தம் உள்ளவங்களுக்கு மார்க்கத்தில சலுகை இருக்கு, நம்ம பக்கம் பின்பற்றுற ஷாபிஈ மத்ஹபில (மார்க்கச் சட்டப் பிரிவில) ஒவ்வொரு பர்ளுக்கும் (கடமைத் தொழுகைக்கும்) வக்து (நேரம்) வந்த பொறகு சுத்தம் செய்து உளூ எடுத்து உடனே தொழுறது எண்டு சொல்லுவாங்க. இடைவிட்டு வாறவங்களுக்கு வேற விளக்கம் வரலாம், அதால உங்கட நிலைமய அப்படியே மார்க்கம் படிச்ச ஒரு ஆலிமாட்டச் சொல்லிக் கேளுங்க. டொக்டரிட்டயும் இந்தக் கவலையச் சொல்லுங்க, தொழேலாம இருக்கிறன் எண்டு சொன்னா உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு அவருக்கு விளங்கும்.

என்ட மனுசி கிட்ட வர விடுறா இல்ல, காரணமும் சொல்றா இல்ல. அவக்கு என்ன?

கேட்டது ஒரு கணவர், கேட்டதுக்கு அவருக்கு நன்றி. தம்பி, அவக்கு நோவும் இருக்கலாம், அந்த நேரத்தில கசிஞ்சிரும் எண்ட பயமும் இருக்கலாம், அத உங்கட்டச் சொல்ல வாய் வராது. கட்டாயப்படுத்தாம, "உடம்புக்கு ஏதும் செய்தா கிளினிக்குப் போவம், நான் பிள்ளைய வச்சிருக்கன்" எண்டு சொல்லிப் பாருங்க. கிளினிக் வாசல்ல பிள்ளையோட நிண்டாலே போதும். அவ எந்நேரமும் அழுதா, நித்திரை இல்லாட்டி, பிள்ளையில பிடிப்பில்லாட்டி அதையும் டொக்டரிட்டச் சொல்லணும், பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்கும் வைத்தியம் இருக்கு.

அடுத்த பிள்ளைக்கு சீசர் கேக்கவா? சீசர் எண்டா இந்த வருத்தமே வரா எண்டு சொல்றாங்க.

சீசர்ல தசை கிழியாது, அது உண்மை. ஆனா பிள்ளையச் சுமந்ததாலயே அடித்தளத் தசை தளரும், அதால சீசர் செய்தவங்களுக்கும் காத்து அடக்கேலாம வாறதுண்டு. மூணாம் நாலாம் தரம் கிழிஞ்சவங்களுக்கு அடுத்த நோமல்ல திரும்பவும் அப்படிக் கிழியிறது நூறுக்கு 5 தொடக்கம் 7 பேருக்கு. இப்ப கசிவு ஒண்டும் இல்லாட்டி நோமலுக்குப் போகலாம், கரைச்சல் இருந்தாலோ ஸ்கேன்ல தசையில இடைவெளி தெரிஞ்சாலோ சீசர் பற்றி விஓஜியோட கதைக்கணும். கர்ப்பம் எண்டு தெரிஞ்ச முதல் கிளினிக்கிலயே அந்தப் பழைய கார்டக் காட்டுங்க, ஒம்பதாம் மாசம் வரைக்கும் வச்சிராதீங்க.

பயிற்சி எல்லாம் செய்தும் ஒரு வருசமா மாறல்ல. இனி ஒப்பரேசன்தானா?

அதுக்கு முதல் சோதனை இருக்கு. ஆசனவாய்க்குள்ள விரல் அளவு கருவி வச்சு ஸ்கேன் எடுத்து எந்த வளையத்தில எவ்வளவு இடைவெளி எண்டு பாப்பாங்க, அமுக்கத்த அளக்கிற சோதனையும் இருக்கு. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இல்ல, தூரத்துக்கு அனுப்புவாங்க, போய் வாங்க. நீங்க இறுக்கிறது திரையில தெரியிற மாதிரிப் பயிற்சி குடுக்கிற முறையும் இருக்கு. வெளி வளையத்தில கிழிவு தெளிவா இருந்தா ரெண்டு நுனியையும் எடுத்துத் திரும்பத் தைக்கலாம், கனபேருக்கு நல்லா இருக்கும், ஆனா வருசம் போகப் போகச் சிலருக்குப் பலன் குறையும் எண்டதையும் தெரிஞ்சிட்டே முடிவெடுங்க. இன்னும் பிள்ள பெறுற எண்ணம் இருந்தா அதையும் சேர்ஜனிட்ட சொல்லுங்க, சிலருக்கு அதுக்குப் பொறகு செய்வம் எண்டு சொல்லுவாங்க.

எனக்கு வயசு 52, கடைசிப் பிள்ள கிடைச்சு இருபது வருசத்துக்கு மேல. இப்பதான் தொடங்கி இருக்கு. இதுக்கும் பிள்ளப்பேறுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கலாம் அக்கா. அந்த நாளில கிழிஞ்ச தசைய மற்றத் தசை ஈடு குடுத்திட்டு வந்திருக்கும், மாதவிடாய் நிக்கிற வயசில தசையும் தளர, அண்டைய காயம் இண்டைக்கு வெளிய தெரியுது. பயிற்சி இந்த வயசிலயும் வேல செய்யும், மேல சொன்ன அதே முறைதான். நீரிழிவு இருந்தா அதாலயும் நரம்பு பாதிக்கும், சீனியச் சோதிங்க, மெட்ஃபோமின் குளிசை குடிச்சு வயிறு இளகுதா எண்டும் கேளுங்க.

ஆனா உங்கட வயசில புதுசா மலப்பழக்கம் மாறினா பிரசவத்தில மட்டும் பழியப் போட்டு இருக்கக் கூடாது. ரத்தம் போறது, காரணமில்லாம மெலியிறது, மலம் போயும் போகாத மாதிரி இருக்கிறது, இதுகள் இருந்தா குடலையும் பாக்கணும். எம்ஓஎச்ல நடக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு இந்த மாசமே போய்ப் பேரப் பதிங்க, அங்க கருப்பை வாசலும் மார்பும் சோதிக்கிற நேரத்தில இதையும் சொல்லுங்க, சேர்ஜனிட்ட அனுப்பச் சொல்லிக் கேளுங்க.